மறுத்துப் பேச ஆள் இல்லாத புத்தகங்கள்: ஓய்வு பெற்ற உளவு அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளை எப்படி வாசிப்பது?

#1 குன்னூர் வாசகி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வாசகர் வட்டத்தில் கொஞ்ச நாளாக ஓய்வு பெற்ற உளவுத்துறை அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகளை வாசித்து வருகிறோம். வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் ராணுவக் குடும்பங்கள் இங்கே அதிகம். பேச்சு சூடாகவே நடக்கும். ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பி.என். மல்லிக்கை எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1964 வரை உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யின் தலைவர். 1962 சீனப் போர் அவர் காலத்தில்தான் நடந்தது. 1971-ல் அந்தப் போரைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் அடிநாதமாக ஓடும் வாதம் ஒன்றுதான்: தகவல்களை நாங்கள் கொடுத்தோம், செய்ய வேண்டியதை மற்றவர்கள் செய்யவில்லை. அந்தத் தோல்வியில் பெரும்பங்கு உள்ளவர் என்று பேசப்படும் ஜெனரல் பி.எம். கவுல் 1967-லேயே தன் பக்கத்தை எழுதிவிட்டார். அதில் குற்றவாளிகள் வேறு ஆட்கள். அப்போது ராணுவ நடவடிக்கைகளின் இயக்குநராக இருந்த டி.கே. பாலித் 1991-ல் எழுதினார். அவர் மல்லிக்கையே குறை சொல்கிறார். எல்லோருமே அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட இடத்துக்கு அருகில் இருந்தவர்கள். யார் சொல்வது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அந்தத் தோல்வியைப் பற்றி ராணுவமே தயாரித்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. 2014-ல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டார், அவ்வளவுதான்.

மல்லிக் எழுதும்போது நேரு இறந்து ஏழு வருடம். நேரு தன்னிடம் இப்படிச் சொன்னார் என்று அவர் எழுதினால் நேரு வந்து மறுக்கப் போவதில்லை. கோப்புகளும் பூட்டில் இருக்கின்றன. இந்த நிலையில் எழுதப்படுவதை வரலாறு என்று எப்படி ஏற்றுக்கொள்வது? உங்கள் அனுபவம் என்ன?

#2 சிம்ஸ்பார்க்

கேள்வி நியாயமானது. ஆனால் இந்தப் புத்தகங்களும் இல்லையென்றால் நம் கையில் என்ன இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

அலுவல் ரகசியச் சட்டம் 1923-ல் வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் உயிரோடு இருக்கிறது. 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் வந்தபோது 24-ஆவது பிரிவில் ஐ.பி.க்கும் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவுக்கும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் தவிர வேறு எதையும் நாம் கேட்க முடியாது. அந்த இரண்டைக் கேட்டாலும் கிடைப்பது சுலபமில்லை.

எல்லோரையும் ஒரே தராசில் போடாதீர்கள். நம் சென்னையில் வாழ்ந்து 2013-ல் மறைந்த பி. ராமன், ராவின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். 2007-ல் அவர் எழுதிய நினைவுகளில் தன் தலைவர் காவ் மீதுள்ள பக்தி நன்றாகவே தெரியும், மறுக்கவில்லை. ஆனால் தன் நிறுவனத்தின் குறைகளையும் அவர் எழுதியிருக்கிறார். அதே வருடம் மேஜர் ஜெனரல் வி.கே. சிங் எழுதிய புத்தகத்தைப் பாருங்கள். சிக்னல்ஸ் படைக்காரர். ராவில் சில வருடம் வேலை பார்த்தவர், கருவிகள் வாங்கியதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி எழுதினார். அவர் வீட்டில் சி.பி.ஐ. சோதனை போட்டது, ரகசியச் சட்டத்தில் வழக்கும் வந்தது. வழக்கை ரத்து செய்ய 2023-லும் டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த மனிதருக்கு அந்தப் புத்தகத்தால் என்ன லாபம்?

#3 கேத்தி ஹவில்தார்

நான் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் (ஐ.பி.கே.எஃப்.) இருந்தவன். அதனால் இலங்கை அத்தியாயம் உள்ள புத்தகம் எது வந்தாலும் தேடி வாசித்துவிடுவேன்.

1987 அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். புலிகள் காத்துக்கொண்டு இருந்தார்கள். 13-ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த 30 பேர் இறங்கினார்கள், 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நம் வயர்லெஸ் பேச்சைப் புலிகள் ஒட்டுக்கேட்டதாகச் சொல்வார்கள். அந்த நாட்களில் எங்கள் கையில் ஒழுங்கான வரைபடம் கூட இல்லை. எந்தச் சந்து எங்கே போகிறது என்று தெரியாமல் நடந்திருக்கிறோம்.

பிறகு புத்தகங்கள் வந்தன. உளவு பார்த்தவர் எழுதினால் ராணுவம் அவசரப்பட்டது. ராணுவத்தார் எழுதினால் உளவுத் தகவலே வரவில்லை. தூதரகத்தார் எழுதினால் இரண்டு பேருமே சரியில்லை. கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். திக்ஷித் 1998-ல் தன் பக்கத்தை எழுதினார். அங்கே படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்கும் ஒரு புத்தகம் எழுதினார். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி திக்ஷித் சொன்னதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் அதில் இருக்கிறது. அந்தப் புத்தகம் கடைக்கு வந்தபோது திக்ஷித் உயிரோடு இல்லை.

நான் ஹர்கிரத் சிங் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்குக் கீழே இருந்த படையில் நின்றவன் நான். ஆனால் அந்த ஆட்டத்தில் இறந்த ஏறத்தாழ 1,200 ஜவான்கள் ஏன் இறந்தார்கள் என்று அவர்கள் வீட்டுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பெரிய அதிகாரிகள் ஒருவரை ஒருவர் கைகாட்டும் நான்கு புத்தகம்தான் எங்களுக்குக் கிடைத்த பதில்.

#4 லவ்டேல்

ஹவில்தார் சார், இதைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி. வெளிநாட்டு உதாரணங்கள் சில சொல்கிறேன். அங்கே என்ன வித்தியாசம் என்பது அதில் தெரியும்.

சி.ஐ.ஏ. தலைவராக இருந்த ஜார்ஜ் டெனெட் 2007-ல் நினைவுகளை வெளியிட்டார். 2001 செப்டம்பர் 12 அன்று வெள்ளை மாளிகை வாசலில் பாதுகாப்புத் துறை ஆலோசகர் ரிச்சர்ட் பெர்ல் என்பவரைப் பார்த்ததாகவும், இராக் இதற்கு விலை கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தார். இராக் போருக்கு யார் காரணம் என்ற வாதத்தில் முக்கியமான காட்சி அது. பெர்ல் அன்றைக்குப் பிரான்சில் மாட்டிக்கொண்டிருந்தார், விமானமே ஓடவில்லை. உடனே அதைச் சொன்னார். தேதி ஓரிரு நாள் தவறியிருக்கலாம் என்று டெனெட் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பெர்ல் அதற்குள் இறந்திருந்தால்? அந்தக் காட்சி இன்று பாடப்புத்தகத்தில் இருந்திருக்கும்.

அதைவிடப் பெரியது ஹோசே ரோட்ரிகஸ் கதை. சி.ஐ.ஏ.வில் உயர் அதிகாரி. கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரித்த 92 வீடியோ நாடாக்களை 2005-ல் அழிக்கச் சொன்னவர் அவர். 2012-ல் புத்தகம் எழுதி, அந்த முறைகளால்தான் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று வாதாடினார். ஆதாரத்தை அழித்தவரே சாட்சியாக வந்து நிற்கிறார். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் 2014 டிசம்பரில் அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு தன் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. அந்தச் சுருக்கமே 500 பக்கத்துக்கு மேல். 60 லட்சத்துக்கும் அதிகமான பக்க ஆவணங்களைப் பார்த்துவிட்டு, அந்த முறைகளால் பயன் கிடைத்ததாகச் சொன்னது உண்மையில்லை என்று எழுதினார்கள்.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. குழுவின் முழு அறிக்கை இன்னும் வெளிவரவில்லை, யாரும் ஜெயிலுக்கும் போகவில்லை. ஆனால் அதிகாரி எழுதியதைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க, மக்கள் தேர்ந்தெடுத்த சிலருக்காவது அதிகாரம் இருந்தது. நம் நாட்டில் ராவையும் ஐ.பி.யையும் கண்காணிக்க நாடாளுமன்றக் குழு எதுவும் கிடையாது. 2011-ல் மனீஷ் திவாரி தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

#5 கோத்தகிரி மலர்

நான் இந்த மன்றத்தில் அதிகம் எழுதுவதில்லை. ஹவில்தார் ஐயா எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பா அம்மா நுவரெலியா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவானது. அந்தக் கணக்கில் வந்தவர்கள் நாங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் இந்த மலைக்கு. எங்களைப் போன்றவர்களுக்காகவே அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. காடு திருத்திச் செடி நட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஊரில் எங்களுக்குப் பெயர் சிலோன்காரங்க. இன்றும் அப்படித்தான்.

ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991 மே மாதத்துக்குப் பிறகு எங்கள் லைன் வீடுகளுக்கு மப்டியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எந்தத் துறை என்று ஒருவரும் சொன்னதில்லை. வீட்டில் யார் யார், அந்தப் பக்கம் யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா, கடிதம் வருகிறதா, ராத்திரி யாராவது வந்து தங்கினார்களா என்று கேட்பார்கள். அப்பா தகரப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட், குடும்பக் கார்டு எல்லாவற்றையும் காட்டுவார். அடுத்த முறை வேறு ஆள் வந்து அதே கேள்விகளைக் கேட்பார். நாங்கள் மலையகத்துக்காரர்கள், வடக்கில் நடந்த எதிலும் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று சொன்னால் அவர்களுக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் சில நாள் கழித்து அனுப்பினார்கள். அவருக்குக் கொழுந்து எடைபோடும் இடத்தில் கிடைக்கவிருந்த வேலை அதோடு போயிற்று.

இப்போது இந்தப் புத்தகங்களுக்கு வருகிறேன். 1983-க்குப் பிறகு இலங்கை இளைஞர்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி கொடுத்தது ஊரறிந்த விஷயம். 1997-ல் வெளிவந்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையிலும் அது பேசப்பட்டது. அந்த முடிவு எடுத்த வட்டாரத்தில் இருந்தவர்கள் பின்னால் எழுதும்போது அதை ராஜதந்திரம் என்கிறார்கள், காலத்தின் தேவை என்கிறார்கள், யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதன் பின்விளைவு எந்த வீட்டுக் கதவைத் தட்டியது என்று நான் வாசித்த எதிலும் ஒரு பத்தி கூட இல்லை. ஆயுதம் கொடுத்தவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு புத்தகம் எழுதுகிறார்கள். ஒரு துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காத எங்கள் அப்பா சாகும்வரை புது ஆள் வந்தால் எழுந்து நின்றுதான் பேசினார்.

குன்னூர் அக்கா, நேரு மறுக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். நேருவுக்காகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

#6 குன்னூர் வாசகி

மலர், நீங்கள் சொன்ன பிறகுதான் எங்கள் வட்டத்தில் என்ன விட்டுப்போயிற்று என்று தெரிகிறது. இத்தனை கூட்டத்தில் ஒருமுறையும் நாங்கள் தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டதில்லை. லைன் வீடுகள் எங்கள் கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

#7 சிம்ஸ்பார்க்

மலருக்கு என் வணக்கம். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஆனாலும் என் பழைய வாதத்தை முழுதாக விட மனம் வரவில்லை. ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. 2021 மே 31-ல் மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள அமைப்புகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் யாராக இருந்தாலும், அந்த அமைப்பின் வேலையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அமைப்பின் தலைவரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் பென்ஷனை நிறுத்தலாம். ஐ.பி., ரா மட்டுமில்லை, அமலாக்கத்துறை, வருவாய்ப் புலனாய்வு எல்லாம் அந்த அட்டவணையில் இருக்கின்றன. 2008-லிருந்தே ஒரு கட்டுப்பாடு உண்டு, இப்போது இறுக்கிவிட்டார்கள்.

இதனால் தற்புகழ்ச்சிப் புத்தகங்கள் நின்றுவிடுமா? நிற்காது. அனுமதி கொடுக்கிறவருக்குப் பிடித்த தற்புகழ்ச்சி மட்டும் வெளிவரும். வி.கே. சிங் மாதிரி உள்ளே நடந்த தவறை எழுதுகிறவர் வாயை மூடிக்கொள்வார். நாம் இந்தப் புத்தகங்களை வெறுத்து ஒதுக்கினால் அந்த விதிக்குத்தான் துணை போகிறோம்.

#8 லவ்டேல்

விதி பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. அமெரிக்காவிலும் முன் அனுமதி உண்டு. வியட்நாமில் இருந்த சி.ஐ.ஏ. அதிகாரி ஃபிராங்க் ஸ்நெப், சைகோனை விட்டு வெளியேறியபோது நம்பி வந்த வியட்நாமியர்களைக் கைவிட்டதைப் பற்றி 1977-ல் அனுமதி கேட்காமல் எழுதினார். புத்தகத்தில் ரகசியம் எதுவும் இருந்ததாக அரசே சொல்லவில்லை. இருந்தும் 1980-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்குப் புத்தகத்தில் கிடைத்த வருமானம் முழுவதையும் அரசுக்குக் கட்டச் சொன்னது. வேதனைக்குரிய தீர்ப்பு.

ஆனால் தடை செய்யப்பட்டதாலேயே ஒரு புத்தகம் உண்மையாகிவிடாது. பிரிட்டனின் முன்னாள் உளவு அதிகாரி பீட்டர் ரைட் 1987-ல் எழுதியதை நிறுத்த தாட்சர் அரசு ஆஸ்திரேலியா வரை போய் வழக்காடித் தோற்றது. அந்த விளம்பரத்தில் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. ரைட்டுக்குப் பென்ஷன் விஷயத்தில் தன் துறை மீது தீராத மனக்குறை. பிரதமர் வில்சனுக்கு எதிராக 30 அதிகாரிகள் சதி செய்ததாக எழுதியவர், அடுத்த வருடமே பிபிசி பேட்டியில் அந்த எண்ணிக்கையில் பின்வாங்கினார்.

#9 கூடலூர் பாரி

நம் ஊர் விஷயம் ஒன்று. உளவுத்துறை இல்லை, சி.பி.ஐ. இருந்தாலும் இதற்குப் பொருந்தும்.

ராஜீவ் வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி ஓய்வு பெற்ற பிறகு, 2013-ல், தான் ஒரு விஷயத்தை அதில் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை எதற்கு வாங்கச் சொன்னார்கள் என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொல்லியிருக்கிறார். அதை அவர் பதியவில்லை. பின்னால் உச்ச நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தார். நான் பார்த்த வரையில் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி தன் மீதே விரல் நீட்டியது இது ஒன்றுதான். பெரிய நினைவுப் புத்தகங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு அந்தச் சில வரிகள் பெரிது.

#10 கேத்தி ஹவில்தார்

பாரி, 1991-ல் விட்ட வரியை 2013-ல் சொல்கிறார். பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே மாதம். அதற்குள் அந்தத் தாய் எத்தனை ஜெயில் வாசலில் நின்றார். சொன்னது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பெரிது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

#11 கூடலூர் பாரி

நீங்கள் சொல்வது புரிகிறது ஐயா. ஆனாலும் அவர் சொல்லாமலே போயிருக்கலாமே. யாரும் அவரைக் கேட்கவில்லை, அவருக்கு அதில் கெட்ட பெயர்தான். மற்றவர்களுக்கு அந்தத் துணிச்சல் ஏன் வரவில்லை என்றுதான் நான் கேட்கிறேன்.

#12 குன்னூர் வாசகி

இரண்டு பேர் சொல்வதையும் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வட்டத்தில் இனி எப்படி வாசிக்கலாம் என்று யோசித்தேன். முதலில் ஒரு புத்தகத்தைத் தனியாக வாசிப்பதை நிறுத்திவிடலாம். மல்லிக் என்றால் கூடவே பாலித். திக்ஷித் என்றால் கூடவே ஹர்கிரத் சிங். மற்றது, புத்தகத்தில் யார் பெயர் கெடுகிறதோ அவர் அது வெளிவந்தபோது உயிரோடு இருந்தாரா என்று பார்ப்பது. 2025-ல் ராவின் முன்னாள் தலைவர் ஏ.எஸ். துலத் எழுதியதில் 370-ஆவது பிரிவை நீக்கியதைப் பற்றி ஃபரூக் அப்துல்லா தனிப்பட்ட முறையில் வேறு மாதிரி பேசியதாக வந்தது. ஃபரூக் உடனே கடுமையாக மறுத்தார். யார் சொல்வது உண்மையோ, வாசகருக்கு இரண்டு பக்கமும் கிடைத்தது. முப்பது வருடம் கழித்து வந்திருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும்.

இதெல்லாம் பெரிய மனிதர்களுக்குள் நடக்கும் வழக்குக்குப் போதும். மலர் சொன்னதற்கு இது போதாது. லைனில் இருந்தவர்கள் பெயர் புத்தகத்தில் வந்து கெடவில்லை, வரவே இல்லை. அவர்கள் சொல்வதை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. மலர், நீங்கள் சம்மதித்தால் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்து தட்டச்சு செய்ய நானும் இன்னும் இரண்டு பேரும் தயார்.

#13 கோத்தகிரி மலர்

அம்மாவிடம் கேட்டேன் அக்கா. பேசுவதற்குத் தயக்கம் இல்லை, போனில் பதிவு செய்ய வேண்டாம் என்கிறார். மற்ற வீடுகளிலும் இதைத்தான் சொல்வார்கள். கையால் எழுதிக்கொள்ளலாம். பெயர், தோட்டத்தின் பெயர் எதுவும் வேண்டாம். எழுதியதை அவர்களிடம் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்று சொன்னதை அடித்துவிட வேண்டும். சரியென்றால் மழை குறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஞாயிறு இல்லையென்றால் கொழுந்துக்குப் போய்விடுவார்கள்.

#14 குன்னூர் வாசகி

எல்லாமே சரி. நீங்கள் சொன்னபடியே.

#15 கேத்தி ஹவில்தார்

நானும் வருகிறேன் மலரம்மா. என் பங்குக்கு யாழ்ப்பாணத்தில் பார்த்ததை நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். சரியாகச் செய்ததும் இருக்கும், நினைத்தால் தூக்கம் வராததும் இருக்கும்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் லைனுக்கு மப்டியில் வந்தவர்களும் பெரிய அதிகாரிகள் இல்லை. கான்ஸ்டபிள், ஏட்டு நிலையில் இருந்தவர்கள்தான் இப்படி வீடு வீடாக அனுப்பப்படுவார்கள். யார் அனுப்பினார்கள், என்ன எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள், ஒன்றும் இல்லை என்று எழுதினால் மேலே என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களும் புத்தகம் எழுதப் போவதில்லை. முடிந்தால் அவர்களையும் கேட்க வேண்டும்.

#16 கோத்தகிரி மலர்

முதலில் வாசித்தபோது கோபம் வந்தது ஐயா. ராத்திரி முழுக்க யோசித்தேன். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்று இங்கேயேதான் இருக்கிறார். பஜாரில் பார்த்தால் அம்மாவிடம் நலம் விசாரிப்பார், அம்மாவும் பதில் சொல்வார். அவரிடம் போய்க் கேட்கிறேன். பேசமாட்டேன் என்று சொன்னாலும் அதையும் எழுதிக்கொள்வேன். பென்ஷன் பயம் இருக்குமா என்று தெரிய வேண்டும். சிம்ஸ்பார்க் சார், நீங்கள் சொன்ன அந்த 2021 விதி மாநிலப் போலீசில் இருந்தவர்களுக்கும் பொருந்துமா? பார்த்துச் சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் வீட்டுக்குப் போவேன்.

#17 சிம்ஸ்பார்க்

அது மத்திய அரசு ஊழியர்களுக்கான ஓய்வூதிய விதி. மாநில அரசு தன் ஊழியர்களுக்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது, அதோடு ரகசியச் சட்டம் எல்லோருக்கும் உண்டு. கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கித் தருகிறேன். அதுவரை அந்த ஓய்வு பெற்றவரிடம் பேச்சை எடுக்க வேண்டாம், மலர். உங்கள் ஆட்களிடமிருந்து தொடங்குங்கள்.